வலியில்லாத, ஆறாத புண்: டோனோவனோசிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: பிறப்புறுப்பில் சிவந்த புண் ஒன்று இருக்கிறது. தொட்டால்கூட வலிக்கவில்லை. வலிக்காத புண்ணுக்கு மருத்துவரிடம் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். வலித்தால் மனிதர் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுவார். வலிக்காத புண்ணைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடமாடலாம். டோனோவனோசிஸ் என்ற பாக்டீரியா நோய் அப்படித்தான் வேர்விடுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உடல் சோர்வும் இல்லை; புண் மட்டும் ஓசையில்லாமல் அகலமாகிக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு, உறுப்பின் உருவமே சிதைந்த பிறகு வருபவர்கள் உண்டு. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சில வார மாத்திரைகளில் முடிந்திருக்கும்.

பொதுவான விதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பிறப்புறுப்பிலோ, ஆசனவாயைச் சுற்றியோ, தொடை இடுக்கிலோ வந்த புண், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், ஒரு வாரத்தில் ஆறத் தொடங்கவில்லையென்றால் பரிசோதனை தேவை.

கேள்வி: டோனோவனோசிஸ் என்றால் என்ன? இதுவரை கேள்விப்பட்டதே இல்லையே?

கிளெப்சியெல்லா கிரானுலோமாடிஸ் என்ற பாக்டீரியாவால் வரும் பால்வினை நோய் இது. மருத்துவ நூல்களில் கிரானுலோமா இங்குவினாலே என்ற பழைய பெயரிலும் இருக்கும். இன்று உலகில் எங்குமே இது பரவலாக இல்லை. பப்புவா நியூ கினி, தென்னாப்பிரிக்கா, பிரேசில், கரீபியத் தீவுகள், இந்தியா ஆகிய இடங்களில்தான் இது அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் ஒடிசா, ஆந்திரக் கடலோரம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவை இந்த நோய்க்குப் பழகிய நிலங்கள்.

நம் ஊருக்கும் இந்த நோயின் வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ் மருத்துவர் சார்லஸ் டோனோவன், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றியபோது, 1905-ஆம் ஆண்டு இந்தப் புண்களின் செல்களுக்குள் நுண்ணிய உருவங்கள் இருப்பதைக் கண்டார். அவை இன்றும் 'டோனோவன் உருவங்கள்' என்றே அழைக்கப்படுகின்றன. அதே சென்னையில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஆர்.வி. ராஜமும் பி.என். ரங்கையாவும் இந்த நோய் பற்றி எழுதிய விரிவான ஆய்வை உலக சுகாதார நிறுவனம் 1954-இல் வெளியிட்டது. உலகத்துக்கே இந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த ஊர் சென்னை. அந்த ஊரில் இருப்பவர்களே இதன் பெயரைக் கேள்விப்படாமல், தவறான களிம்பைத் தடவிக்கொண்டு அவதிப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: டோனோவன் என்ற பெயர் காலா அசார் (கருங்காய்ச்சல்) நோயோடும் வருகிறதே? இரண்டும் ஒன்றா?

இல்லை. 1903-இல் காலா அசார் நோயாளிகளின் மண்ணீரலில் அவர் கண்டது வேறொரு கிருமி. மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி அது. அதற்கு லெய்ஷ்மேனியா டோனோவனி என்று பெயர். இரண்டு நோய்களையும் சேர்ப்பது கண்டுபிடித்தவரின் பெயர் மட்டுமே. ஆய்வகச் சீட்டில் 'எல்.டி. உருவம்' (லெய்ஷ்மன்-டோனோவன் உருவம்) என்றிருந்தால் அது காலா அசாரைக் குறிக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: புண் எப்படித் தொடங்கும்? எப்படி அடையாளம் காண்பது?

தொற்று ஏற்பட்டு ஒரு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரியும். சிலருக்கு அதைவிடத் தாமதமாகலாம். அதனால் 'போன வாரம் எங்கும் போகவில்லையே' என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை.

முதலில் தோலுக்கடியில் சிறு பருப்பு அளவில் ஒரு முடிச்சு வரும். அது உடைந்து புண்ணாகும். புண்ணின் அடிப்பகுதி பச்சை இறைச்சியின் சிவப்பில், வெல்வெட் துணியின் மேற்பரப்போடு, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே மேலெழும்பி இருக்கும். லேசாகத் தொட்டாலோ, துடைத்தாலோ ரத்தம் கசியும். அந்த எளிதான ரத்தக் கசிவும் வலியின்மையும் ஒன்றுசேர்ந்து இருந்தால், அனுபவமுள்ள பால்வினை மருத்துவர் பார்த்தவுடனேயே டோனோவனோசிஸைச் சந்தேகிப்பார்.

எல்லோருக்கும் ஒரே தோற்றத்தில் வருவதில்லை. சிலருக்கு மரு மாதிரி மேடிட்டு, விளிம்பு கரடுமுரடாக வளரும். சிலருக்குப் புண் ஆழமாக அரித்து, திசு அழுகி, துர்நாற்றம் வீசும். வேறு கிருமிகளும் அதில் சேர்ந்துகொள்ளும்போது இப்படி ஆகும். சிலருக்கு ஒருபக்கம் தழும்பாக இறுகிக்கொண்டே மறுபக்கம் பரவும்.

ஆண்களுக்கு முன்தோல், ஆண்குறி மொட்டு, மொட்டுக்குக் கீழுள்ள பள்ளம் ஆகிய இடங்களில் அதிகம் வரும். பெண்களுக்கு உள் உதடுகளிலும் யோனி வாயின் கீழ்ப்பகுதியிலும் அதிகம். ஆசனவாய் வழி உறவு கொள்பவர்களுக்கு அங்கேயும் வரலாம். பிறப்புறுப்புக்கு வெளியே வருவது குறைவு. அப்படி வந்தால் பெரும்பாலும் வாயில்தான் வரும்.

கேள்வி: தொடை இடுக்கில் வீங்கியிருக்கிறது. இது நெறி கட்டியதா, அரையாப்பா?

அரையாப்பு என்பது பால்வினை நோயால் தொடை இடுக்கின் நிணநீர்க் கணுக்கள் வீங்கி வரும் கட்டி. இதுவும் பார்வைக்கு நெறி கட்டியது போலவே இருக்கும். ஆனால் டோனோவனோசிஸில் நிணநீர்க் கணுக்கள் பொதுவாக வீங்குவதில்லை. தோலுக்குக் கீழே நோய்த் திசு வளர்ந்து மேடிடுகிறது. மருத்துவர்கள் இதைப் பொய் அரையாப்பு என்பார்கள். பின்னர் அது உடைந்து இன்னொரு சிவந்த புண்ணாகும். வீக்கம் கெட்டியாகவும் கடும் வலியோடும் இருந்து, காய்ச்சலும் வந்தால் வேறு பால்வினை நோய்களை முதலில் நினைக்க வேண்டும். எதுவானாலும் வீட்டில் பிளேடால் கீறுவது, சுண்ணாம்பு தடவுவது இரண்டும் கூடவே கூடாது.

கேள்வி: மேகப்புண், கிரந்தி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தானா?

அந்தப் பழைய சொற்களுக்குள் பல நோய்கள் அடங்கும். சிகிச்சைக்கு எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும்.

சிபிலிஸ் புண்ணும் வலிக்காது. ஆனால் அது கெட்டியாக, அடிப்பகுதி சுத்தமாக இருக்கும். தொட்டால் அவ்வளவாக ரத்தம் வராது. சிகிச்சையே இல்லாவிட்டாலும் சில வாரங்களில் தானாக மறைந்துவிடும். நோய் மட்டும் உடலுக்குள் தங்கிவிடும். டோனோவனோசிஸ் புண் தானாக மறைவதில்லை. ஷாங்க்ராய்டு என்ற புண் கடுமையாக வலிக்கும், விளிம்பு கிழிந்தாற்போல் இருக்கும். ஹெர்ப்பிஸ் கொத்தாகச் சிறு கொப்புளங்களாக எரிச்சலோடு வந்து, ஆறி, மறுபடி வரும். காசநோய்ப் புண், அமீபாப் புண், தோல் புற்றுநோய் ஆகியவையும் இதே இடத்தில் வரக்கூடியவை.

ஒருவருக்கே இரண்டு நோய்கள் சேர்ந்து இருப்பதும் அபூர்வமில்லை. ஆகவே கைப்பேசியில் படம் பார்த்து ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமா?

தெரியாது. டோனோவனோசிஸைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இல்லை. சாதாரண ஆய்வகத்தில் இந்தக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதும் நடக்காத காரியம். 'வி.டி.ஆர்.எல். எடுத்தேன், நெகட்டிவ், ஆகவே ஒன்றுமில்லை' என்று நினைப்பவர்கள் பலர். அந்தச் சோதனை சிபிலிஸுக்கானது.

இதற்கான சோதனை எளிமையானது, மலிவானது. புண்ணை உப்புநீரால் மெல்லச் சுத்தம் செய்து, விளிம்பிலிருந்து துளித் திசுவை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து அல்லது நசுக்கி, கீம்சா அல்லது லெய்ஷ்மன் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரிய விழுங்கு செல்களுக்குள் இரு முனைகளிலும் சாயம் அடர்ந்த, மூடிய ஊக்கு போன்ற உருவங்கள் தெரிந்தால் நோய் உறுதி. டோனோவன் பார்த்த அதே உருவங்கள்தாம். நூறாண்டுக்குப் பிறகும் இதைவிட எளிய வழி வரவில்லை. சில மேல்நிலை ஆய்வகங்களில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை உண்டு, எல்லா இடத்திலும் கிடைக்காது.

புண் நாள்பட்டதாகவோ, மருந்துக்கு மசியாததாகவோ, புற்றுநோயைப் போலவோ இருந்தால் சிறிய சதைத் துண்டை எடுத்து பயாப்ஸி செய்வார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள்.

முக்கியமான ஒன்று: சோதனைக்குப் போவதற்கு முன்பே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அரைகுறை மருந்து சோதனையில் கிருமி தெரியாதபடி மறைத்துவிடலாம், நோயைக் குணமாக்காது.

கேள்வி: சிகிச்சை என்ன? எத்தனை நாள்?

முதல் தேர்வு அசித்ரோமைசின். வாரத்துக்கு ஒருமுறை 1 கிராம், அல்லது தினமும் 500 மில்லிகிராம். குறைந்தது 3 வாரம். அதற்கு மேல், புண் முழுவதும் ஆறும்வரை. இந்தக் கடைசிச் சொற்களைத்தான் நான் மறுபடி மறுபடி சொல்ல விரும்புகிறேன்: புண் முழுவதும் ஆறும்வரை. சிறிய புண்ணுக்கு மூன்று வாரம் போதலாம். பெரிய, பழைய புண்ணுக்கு மாதங்கள் ஆகலாம்.

அசித்ரோமைசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இருவேளை, எரித்ரோமைசின் 500 மில்லிகிராம் தினம் நான்குவேளை, கோ-ட்ரைமாக்சசோல் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுப்பார்கள். கால அளவு அதேதான். முதல் சில நாட்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால் இன்னொரு மருந்தையும் சேர்ப்பது உண்டு. இந்த அளவுகளை நீங்களே வாங்கிச் சாப்பிடுவதற்காக எழுதவில்லை. உங்களுக்கு எழுதித் தந்த சீட்டில் 'மூன்று நாள்' என்றிருந்தால் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடும் அமிலத் தடுப்பு மருந்தோடும் சேர்த்து எடுக்கக் கூடாது. வெயிலில் தோல் எளிதில் கருகும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கோ-ட்ரைமாக்சசோல் எடுக்கக் கூடாது. இதயத் துடிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் அசித்ரோமைசினுக்கு முன் அதைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் வெள்ளை நிறப் பாக்கெட்டில் மருந்து கொடுத்து ஊசியும் போட்டார்கள். புண் ஆறவில்லை. ஏன்?

பல ஊர்களில் நடப்பது இது; யாருடைய அலட்சியமும் அல்ல. நம் நாட்டுப் பால்வினை நோய்ச் சிகிச்சை முறையில், பிறப்புறுப்புப் புண்ணோடு வருபவருக்கு ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், அதிகம் காணப்படும் நோய்களுக்கான மருந்து உடனே தரப்படுகிறது. அந்த வெள்ளைப் பாக்கெட்டில் சிபிலிஸுக்கான பென்சிலின் ஊசியும் ஷாங்க்ராய்டுக்கான 1 கிராம் அசித்ரோமைசினும் இருக்கும். திரும்பி வராமல் போகக்கூடிய நோயாளிகள் அதிகமுள்ள நாட்டில் இது நல்ல ஏற்பாடு. பல்லாயிரம் பேரை இது காப்பாற்றியிருக்கிறது.

டோனோவனோசிஸுக்கு மட்டும் இது போதாது. பென்சிலின் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஒரே வேளை அசித்ரோமைசின் புண்ணைக் கொஞ்சம் சுருக்கும்; குணமாகிறது என்ற எண்ணத்தைத் தரும்; பிறகு புண் மீண்டும் வளரும். ஆகவே ஒரு வாரம் கழித்து மறுபடி போய்க் காட்டுங்கள். 'மருந்து சாப்பிட்டேன், ஆறவில்லை' என்ற உங்கள் வார்த்தைதான் மருத்துவரை அடுத்த சோதனைக்கு நகர்த்தும். அங்கே போகாமல் வேறு வேறு இடங்களுக்கு அலைந்தால் ஒவ்வொருவரும் முதல் படியிலிருந்தே தொடங்குவார்கள்.

கேள்வி: லாட்ஜில் முகாமிட்டு 'ரகசிய நோய்'களுக்கு வைத்தியம் செய்கிறார்களே, அங்கே போகலாமா?

போகாதீர்கள். முகம் தெரியாத இடம் என்ற ஆறுதலுக்காகவே மக்கள் அங்கே போகிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே நுண்ணோக்கி இல்லை, பயாப்ஸி இல்லை. அடுத்த மாதம் அந்த வைத்தியர் அந்த ஊரிலேயே இருக்க மாட்டார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைச் சுகவாழ்வு மையம் என்ற பெயரிலும் நடத்துகிறார்கள். ஆலோசகர் தனியறையில் பேசுவார், சிகிச்சை இலவசம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். எய்ட்ஸ் உதவி எண் என்றாலும் பால்வினை நோய்கள் பற்றியும் வழிகாட்டுவார்கள்.

கேள்வி: என் மனைவியிடம், என் கணவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கும் மருந்து வேண்டுமா?

புண் தோன்றியதற்கு முந்தைய 60 நாட்களில் உங்களோடு உடலுறவு கொண்டவர்கள் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மற்ற பால்வினை நோய்களைவிட இது தொற்றும் வேகம் குறைவுதான். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தும் துணைக்கு வராத தம்பதிகள் உண்டு. அதனால் துணைக்குப் புண் இல்லை என்பதை வைத்து யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுத முடியாது.

சொல்லத் தயங்கினால் மருத்துவரையோ ஆலோசகரையோ நடுவில் வைத்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது தினசரிப் பணி. புண் முழுவதும் ஆறும்வரை உடலுறவு வேண்டாம். ஆணுறை பாதுகாப்பு தரும். ஆனால் தொடை இடுக்கிலும் உறையால் மூடப்படாத இடத்திலும் புண் இருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுமையாக இராது.

ஒரே கழிப்பறை, ஒரே பாத்திரம், ஒன்றாகச் சாப்பிடுவது ஆகியவற்றால் குடும்பத்தாருக்கு வந்துவிடும் என்று தனித்தட்டு வைக்கத் தேவையில்லை.

கேள்வி: பெண்களுக்கு இதில் தனிக் கவலை உண்டா?

உண்டு, அதிகமாகவே உண்டு. புண் கர்ப்பப்பை வாயில் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மாதவிலக்கு இல்லாத நாட்களில் ரத்தக் கசிவு, உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவை மட்டுமே இருக்கும். கருவி வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் போலவே தோன்றும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு பயாப்ஸி முடிவு கையில் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நாள்பட்டால் நிணநீர்ப் பாதை அடைபட்டு, யானைக்கால் போலப் பிறப்புறுப்பின் உதடுகள் தடித்துத் தொங்கும். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். சிறுநீர்ப் பாதை, யோனி, ஆசனவாய் ஆகியவை தழும்பால் குறுகிவிடுவதும் உண்டு. கிருமி ஒழிந்த பிறகும் இந்தத் தழும்புகள் மாத்திரையால் சரியாவதில்லை. அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

கர்ப்ப காலத்தில் புண் வேகமாக வளரும். கர்ப்பப்பை வாயில் புண் உள்ளவர்களுக்கு, அபூர்வமாக, கிருமி ரத்தத்தில் கலந்து எலும்பு வரை போயிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசினோ எரித்ரோமைசினோ கொடுப்பார்கள், டாக்சிசைக்ளின் தவிர்க்கப்படும். பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றலாம்; காதிலும் காதுக்குப் பின்னுள்ள எலும்பிலும் நோய் வந்த குழந்தைகள் உண்டு. அதனால் பிறந்தவுடன் குழந்தையை நன்றாகச் சுத்தம் செய்து, காதில் சீழ் வருகிறதா என்று சில மாதங்கள் கவனிக்க வேண்டும். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் இந்த நோய் இருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இது குழந்தைக்காக.

கேள்வி: எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்கிறார்கள். அவ்வளவு மோசமா?

உங்கள் நடத்தையைப் பற்றிய தீர்ப்பு அல்ல அது. திறந்த புண் எச்.ஐ.வி. நுழையவும் வெளியேறவும் வாசலாகிறது. அதனால் புண்ணோடு வரும் எல்லோருக்கும் சோதனை செய்யப்படுகிறது. அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். எச்.ஐ.வி. இருந்தாலும் டோனோவனோசிஸ் குணமாகும். புண் ஆறக் கூடுதல் காலம் எடுக்கலாம். சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி சோதனைகளையும் அதே நாளில் முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: இந்த நோயை ஒழிக்க முடியுமா?

முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே மத்தியப் பகுதியிலும் வடபகுதியிலும் வாழும் பழங்குடி மக்களிடையே இது நீண்டகாலம் இருந்தது. 2001 முதல் 2004 வரை தேசிய அளவில் ஒழிப்புத் திட்டம் நடத்தினார்கள். சிற்றூர்ச் சுகாதார நிலையங்களின் ஊழியர்களுக்கு நோயை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்து, வாரம் ஒருமுறை விழுங்கக்கூடிய அசித்ரோமைசினை அவர்கள் கையிலேயே கொடுத்துக் கண்காணித்தார்கள். இன்று அங்கே இது ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. தெரிந்த மருந்து, தொலைதூரம் வரை போன ஊழியர்கள், வெட்கப்பட வைக்காத பேச்சு ஆகியவையே போதுமாக இருந்தன.

கேள்வி: புண் ஆறிவிட்டது. இனி மருத்துவரிடம் போக வேண்டாமா?

விளிம்பிலிருந்து உள்நோக்கிப் புதுத் தோல் வளர்ந்து மூடுவதுதான் ஆறும் விதம். நடுவில் நகக்கண் அளவு சிவப்பு மிச்சமிருந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். முழுவதும் மூடிய பிறகும், சரியான சிகிச்சை பெற்றவர்களுக்கே 6 முதல் 18 மாதங்கள் கழித்து மறுபடி வந்திருக்கிறது. ஆகவே ஒன்றரை ஆண்டு வரை அவ்வப்போது காட்டிக்கொள்ளுங்கள். குளிக்கும்போது பழைய தழும்பைத் தடவிப் பாருங்கள்; புதிதாக முடிச்சோ, கசிவோ, கெட்டித்தன்மையோ தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் போய்விடுங்கள். நாள்பட்ட புண் இருந்தவர்களுக்கு, மிக அரிதாக, அந்த இடத்தில் தோல் புற்றுநோய் வரலாம். தழும்பில் கெட்டியான மேடு வளர்ந்தால் பயாப்ஸி கேளுங்கள். பழைய சீட்டையும் சோதனை முடிவையும் பத்திரமாக வைத்திருந்து கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்த நோயை இதற்கு முன் பார்த்திராத இளம் மருத்துவராக இருந்தாலும், அந்தத் தாளைப் பார்த்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.